முள் 120 காட்டும் வால்வுகள்: வாங்கும் முன் படியுங்கள்

பழைய வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) ரேடியோவுக்கு இணையத்தில் உதிரி தேடுகிறவர்கள் கவனத்துக்கு. "சோதித்தது, 100-க்கு 120" என்று வால்வு டெஸ்டர் (சோதனைப் பெட்டி) முள்ளைப் படம் பிடித்துப் போட்டிருந்த இ.எல்.84 என்ற, ஒலிபெருக்கியை ஓட்டும் வால்வை வாங்கினேன். செருகியதும் நன்றாகத்தான் பாடியது. கொஞ்ச நேரத்தில் குரல் கரகரத்தது. அறை விளக்கை அணைத்துப் பார்த்தால், வால்வுக்குள் எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் ஆனோடு தகடு செக்கச்செவேலென்று இருந்தது.

இப்படி ஆனால் முதல் சந்தேகம், முந்தைய கட்டத்தின் ஒலியை மட்டும் விட்டு அங்குள்ள உயர் வோல்ட்டைத் தடுக்கும் கப்ளிங் கண்டென்சர் மேல்தான் போகும். அது கசிந்தாலும் இதே நோய்தான். மல்டிமீட்டரை வைத்தேன். வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலைதான் கிரிட். சுழியத்தில் இருக்க வேண்டிய அந்தக் கிரிட்டில், அதாவது 2ஆம் பின்னில், பாசிட்டிவ் 4 வோல்ட். 7 வோல்ட் சொச்சம் இருக்க வேண்டிய, எலக்ட்ரானை உமிழும் கேதோடு 10-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. வால்வைக் கழற்றிவிட்டு அளந்தேன். கிரிட் பின்னில் ஒன்றுமில்லை. கண்டென்சர் கசிந்தால் வால்வு இல்லாதபோதும் அந்த வோல்ட் அங்கேயே நிற்கும். கைவசம் இருந்த பழைய வால்வைப் போட்டால் எல்லாம் ஒழுங்கு.

ஆக, கோளாறு வந்த வால்வுக்குள்தான். உள்ளே வாயு சேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கிரிட்டே எலக்ட்ரானை உமிழ வேண்டும். 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் எட்டு ஒன்பது மைக்ரோ ஆம்பியர் ஓடினாலே 4 வோல்ட் ஏறிவிடும். கிரிட் பாசிட்டிவ் பக்கம் போனால் வால்வில் ஓடும் மின்னோட்டமும் கூடும். 12 வாட்டுக்கு மேல் தாங்காத ஆனோடு பிறகு சிவக்காமல் என்ன செய்யும்?

விற்றவரிடம் சொன்னதற்கு, "உங்கள் செட்டில்தான் கோளாறு சார்" என்றார். சோதனையை வீடியோவாகக் கேட்டேன். அதே சரக்கில் இன்னொரு வால்வைச் சோதித்து அவரே பெருமையாக அனுப்பினார்! முள் 90-இல் நிற்காமல் 100, 120 என்று ஏறிக்கொண்டே போகிறது. "ஏறினால் பலம்தானே சார்?" என்கிறார். நல்ல வால்வு சூடேறியதும் முள் ஓரிடத்தில் நின்றுவிடும். ஏறிக்கொண்டே போனால் கிரிட் மின்னோட்டம் என்று சந்தேகிக்க வேண்டும். வாயுச் சோதனைக்கென்றே அந்தப் பெட்டியில் ஒரு பொத்தான் இருக்கிறது. வீடியோ முழுக்க அவர் விரல் அதன் பக்கமே போகவில்லை.

எமிஷன் (கேதோடு எலக்ட்ரானை உமிழும் அளவு) மட்டும் பார்க்கும் மலிவு டெஸ்டர் என்றால் இன்னும் மோசம். கிரிட்டையும் ஆனோடையும் ஒன்றாகக் கட்டி இரண்டே முனை உள்ள டயோடு போல அளப்பதால், கிரிட்டின் கோளாறு அதில் பெரும்பாலும் தெரியாது.

பணம் திரும்பவில்லை; "சோதித்து அனுப்பியதைத் திரும்ப எடுப்பதில்லை" என்பது அவர் சட்டமாம். மிச்ச வால்வுகள் அதே படத்தோடு இன்னும் விற்பனையில் இருக்கின்றன. யாரிடம் வாங்கினாலும், வால்வு ஐந்து நிமிடம் சூடான பிறகு எடுத்த அளவையும், வாயுப் பொத்தானை அழுத்திய அளவையும் வீடியோவில் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.