வைப்ரேட்டரா, மாஸ்பெட்டா, புளூடூத்தா: பழைய கார் வால்வு ரேடியோவுக்கு எது சரி?

மாரிஸ் மைனர், ஃபியட் 1100 மாதிரி பழைய வண்டியை எடுத்து, பெயிண்ட் அடித்து, சீட் மாற்றி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக வருகிற புகார் ஒன்றுதான்: "ரேடியோ மட்டும் பாட மாட்டேங்கு அண்ணாச்சி." இதற்கு நெல்லை ஜங்ஷனில் ஒரு யோசனை, டவுனில் ஒரு யோசனை, தென்காசியில் வேறொன்று சொல்வார்கள். சுருக்கிப் பார்த்தால் மூன்றுதான். பேட்டரி கரண்டை அதிர்ந்து அதிர்ந்து வெட்டிக் கொடுக்கிற பழைய வைப்ரேட்டரையே உயிர்ப்பிப்பது, அதன் இடத்தில் அதே வேலையைச் செய்கிற மாஸ்பெட் (எலக்ட்ரானிக் சுவிட்ச்) சர்க்யூட் வைப்பது, இல்லையென்றால் உள்ளே உள்ளதையெல்லாம் பிடுங்கிவிட்டு புளூடூத் போர்டு திணிப்பது.

முதல் இரண்டு வழிகளில் எதில் போனாலும் முதல் வேலை பஃபர் கண்டன்சரை மாற்றுவது. வால்வுக்கு, அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு, 200, 250 வோல்ட் வேண்டும், பேட்டரியில் இருப்பது 6 அல்லது 12. அதனால் வைப்ரேட்டர் அந்த டிசியை நொடிக்கு சுமார் 115 தடவை வெட்டி டிரான்ஸ்பார்மருக்குக் கொடுக்கிறது. வெட்டும்போது வருகிற ஸ்பைக்கைத் தாங்குவதுதான் இந்தக் கண்டன்சரின் வேலை. இது ஷார்ட் ஆனால் டிரான்ஸ்பார்மர் போச்சு, அதைச் சுற்றிக் கொடுக்க இப்போது ஆள் தேடி அலைய வேண்டும். பழைய மதிப்பிலேயே 1600 வோல்ட்டுக்குக் குறையாத புதியது போடுங்கள். மெழுகுக் காகிதக் கண்டன்சர் எல்லாமே சந்தேகத்துக்குரியவைதான், அதிலும் குற்றாலச் சாரலில் ஷெட்டுக்குள் கிடந்த வண்டி என்றால் சோதித்துக்கூடப் பார்க்க வேண்டாம், கழற்றிவிடலாம். முக்கியமாக ஸ்பீக்கரை ஓட்டுகிற அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழைகிற முனை) போகிற கண்டன்சர்: அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட் ஏறி, வால்வு சிவந்து செத்துப்போகும்.

சரி, ஒரிஜினல் வைப்ரேட்டர். கேட்க சுகம், அந்த லேசான "ர்ர்ர்" இல்லாமல் வால்வு செட் முழுமையாகாது என்பவர்களும் இருக்கிறார்கள். தகர டப்பாவின் மடிப்பை நிமிர்த்தித் திறந்தால் உள்ளே ஸ்பாஞ்ச் ரப்பர் தார் மாதிரி உருகியோ பொடியாகவோ கிடக்கும், தொட்டு விலகுகிற பாயிண்டுகள் கறுத்திருக்கும். நைஸ் எமரியால் இரண்டு இழுப்பு, பிறகு ஆல்கஹாலில் நனைத்த தடித்த காகிதத்தை இடையில் விட்டு உருவினால் பெரும்பாலும் அதிரத் தொடங்கும். ஆனால் எத்தனை நாளைக்கு என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பாயிண்ட் ஒட்டிக்கொண்டால் கரண்ட் தாறுமாறாக ஏறும். அதனால் முதல் தடவை ஆன் செய்யும்போது ஒரு ஹெட்லைட் பல்பை சீரிஸில் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். திருச்செந்தூர், உவரிப் பக்கத்து வண்டி என்றால் பாயிண்டுக்கு முன்னால் பின்னையும் சாக்கெட்டையும் பாருங்கள், உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும்.

என் ஓட்டு மாஸ்பெட்டுக்குத்தான். துடிப்பை உண்டாக்க 4047 ஐசி, வெட்டிக் கொடுக்க ஐஆர்எஃப்இசட்44 மாஸ்பெட் இரண்டு, இன்வெர்ட்டர் செய்கிற பையன்களால் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். 0.1 மைக்ரோஃபாரட், 20 கிலோ ஓம் போட்டால் சுமார் 114 ஹெர்ட்ஸ் வந்துவிடும். மொத்தத்தையும் பழைய டப்பாவுக்குள்ளேயே அடக்கலாம், வெளியே பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. சிக்கல் இல்லாமல் இல்லை. 6 வோல்ட் வண்டியில் அந்த மாஸ்பெட் சரியாகத் திறக்காது, குறைந்த வோல்ட்டிலேயே திறக்கிற லாஜிக் லெவல் வகை வேண்டும். பல பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாடியோடு சேர்ந்திருப்பது பாசிட்டிவ், அதைக் கவனிக்காமல் மாட்டினால் ஆன் செய்ததுமே புகைதான். சாதாரண வைப்ரேட்டருக்கு எந்தப் பக்கம் என்ற கவலை கிடையாது, அது ஒன்றில் மட்டும் அதுதான் கெட்டி. 6எக்ஸ்4 மாதிரி, ஏசியை டிசியாக்குகிற ரெக்டிஃபையர் வால்வே இல்லாத செட்டில் ரெக்டிஃபை செய்வதும் வைப்ரேட்டர்தான், அங்கே டயோடும் சேர்க்க வேண்டும். முடித்ததும் ஹெச்டியை, அதாவது வால்வுக்குப் போகிற உயர் வோல்ட்டை, அளந்து பாருங்கள், முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

புளூடூத் ஆட்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. திருநெல்வேலி வானொலியை 1197 கிலோஹெர்ட்ஸில் கேட்டு வளர்ந்த ஊர்தான், ஆனால் இன்றைக்கு வண்ணார்பேட்டையில் வண்டியை நிறுத்தி மத்திய அலையைத் திருப்பினால் எல்இடி பல்பு, சார்ஜர் இரைச்சல்தான் முதலில் காதில் விழும். அதற்காக வால்வையும் காயிலையும் குப்பையில் போடுவது அநியாயம். வால்யூம் கன்ட்ரோலில் சிக்னல் வருகிற முனைக்கு ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வழியாக போனின் ஆடியோவைக் கொடுத்தால் அதே வால்விலேயே பாட்டு வரும். பாசிட்டிவ் எர்த் வண்டியில் மட்டும் போனை அதே நேரம் சார்ஜில் போடாதீர்கள்.

இத்தனை வாதமும் வைப்ரேட்டர் உள்ள செட்டுக்குத்தான். மூடியைத் திறந்ததும் வைப்ரேட்டர் டப்பாவே இல்லாமல், ஓரத்தில் ஒரு பெரிய டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருந்தால் அது 1950-களின் பின்பாதியில் வந்த, வால்வும் டிரான்சிஸ்டரும் கலந்த ரகம். இசிஹெச்83, இஎஃப்98 மாதிரி வால்வுகள் நேராக 12 வோல்ட்டிலேயே ஓடும். அங்கே எலக்ட்ரோலிடிக் கண்டன்சரை மாற்றி, டிரான்சிஸ்டரின் சூட்டைக் கவனித்தால் போதும், அக்னி நட்சத்திரத்தில் அந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் சீக்கிரம் படுத்துவிடும். ஐஎஃப் கேனில் (ஸ்டேஷனைப் பிரித்தெடுக்கிற காயில்கள் உள்ள சிறு டப்பா) உள்ள ஸ்க்ரூக்களை எந்த செட்டிலும் தொடாதீர்கள். ஏரியலுக்குப் பொருத்தமாகத் திருகுகிற ஏரியல் டிரிம்மரை மட்டும், வண்டியில் மாட்டி ஏரியலை முழுக்க இழுத்துவிட்ட பிறகு, 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மெலிந்த ஸ்டேஷனைப் பிடித்து, சத்தம் அதிகமாகிற இடத்தில் நிறுத்துங்கள். இதற்கு ராத்திரி நேரம்தான் தோது, தூரத்து ஸ்டேஷன்கள் அப்போதுதான் வரும்.