டென்ஸ் பெட்டிக்கு முன்பணம் கட்டும் முன்

குழந்தை சிறுநீரை அடக்க முடியாமல் ஓடுகிறது, பகலிலேயே உள்ளாடை நனைகிறது, மலமும் சரியாகப் போவதில்லை. இந்த நிலையில் வரும் பெற்றோரிடம் 'நரம்புத் தூண்டல்' என்று மொத்த அமர்வுகளுக்கும் முன்பணம் வாங்கிவிட்டு, மூட்டுவலிக்கு விற்கும் டென்ஸ் பெட்டியை, அதாவது தோலில் பேட் ஒட்டி மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் கருவியை, மாட்டி அனுப்புகிறார்கள். சிகிச்சை பொய்யல்ல. செய்யும் விதம்தான் மோசடி.

சிறுநீர்ப்பைக்குப் பெரும்பாலும் 10 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்குப் பத்து மின்துடிப்பு, வைப்பார்கள். வலிக்கான பெட்டியோ 80, 100 என்று ஓடும். மலிவுப் பெட்டிகளில் 1, 2, 3 என்று மோடு மட்டும் இருக்கும். ஹெர்ட்ஸும் துடிப்பு அகலமும் (ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம்) எவ்வளவு என்று நடத்துபவருக்கே தெரியாது. பேட் ஒட்டும் இடத்தையும் பாருங்கள். பெல்ட் கட்டும் இடுப்பில் ஒட்டினால் வீண். பிட்டப் பிளவுக்குச் சற்று மேலே, முதுகுத்தண்டின் அடியிலுள்ள திரிக எலும்பின் இரு பக்கமும் ஒட்ட வேண்டும். 20 நிமிடம், வாரம் மூன்று முறை, மொத்தம் 20 அமர்வு என்பது பரவலான ஒரு கணக்கு.

குழந்தை அழக்கூடாது என்று மின்னளவை ஏற்றாமலேயே விடுவதும் நடக்கிறது. நன்றாகச் சுருசுருவென்று தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. ஜெல் காய்ந்த பேட்டில் மின்சாரம் ஒரே புள்ளியில் குவிந்து தோல் எரியும். முதுகுத்தண்டுக் குறைபாட்டால் உணர்ச்சி மங்கிய குழந்தைக்கு அந்த எரிச்சலே தெரியாது.

மலச்சிக்கலுக்கும் அதே இரண்டு பேட்டா? அதற்கு அதிகம் ஆராயப்பட்ட முறை வேறு. இரண்டு மின்னோட்டங்களை உடலுக்குள் குறுக்கிடச் செய்யும் இன்டர்ஃபெரென்ஷியல் கருவி, நான்கு பேட், வயிற்றில் இரண்டும் முதுகில் இரண்டும் குறுக்காக.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, கருவிக்கு முன் செய்யவேண்டியதை விடுவது. மலக்குடலில் தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும். அதை இளக்கி வெளியேற்றாமல் மின்சாரம் பாய்ச்சிப் பயனில்லை. சிறுநீர்ப் பரிசோதனை, எப்போது, எவ்வளவு போகிறது என்று எழுதிய இரண்டு நாள் சிறுநீர்க் குறிப்பு, சிறுநீர் கழித்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கேன்: இவற்றைக் கேட்காதவரிடம் பணம் கட்டாதீர்கள். கீழ்முதுகில் குழியோ மயிர்க்கற்றையோ இருந்தால், நடை மாறியிருந்தால், முதலில் நரம்பியல் மருத்துவர்.

இரவில் மட்டும் படுக்கை நனைக்கும் குழந்தைக்கு இந்தப் பெட்டியை விற்பவர் இன்னும் மோசம். அங்கே முதல் வழி, நனைந்ததும் ஒலிக்கும் ஈர அலாரமோ இரவில் சிறுநீர் சுரப்பைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின் மருந்தோதான்.

ஹெர்ட்ஸ், துடிப்பு அகலம், நிமிடம், பேட் வைக்கும் இடம், இந்த நான்கையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேட் உங்கள் குழந்தைக்கு மட்டும் புதிதாக இருக்கட்டும்.