பழைய எக்கோஸ்போர்ட்: டீசலா, எக்கோபூஸ்ட்டா, டிராகனா?

ஃபோர்டின் மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது 2022 ஜூலையில். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது அதற்கு முந்தைய ஆண்டு, 2021 செப்டம்பர் 9 அன்று. ஆகவே இன்று சந்தையில் இருக்கும் எக்கோஸ்போர்ட் எல்லாமே கைமாறும் வண்டிகள்தான். நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. 200 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், கெட்டியான பாடி, அதிவேகத்திலும் அலையாத ஸ்டியரிங் ஆகிய மூன்றும் எந்த இன்ஜினிலும் ஒன்றுதான் என்பதால் அவற்றை இங்கே நீட்டவில்லை. பானெட்டுக்குள் எது இருக்கிறது என்பதுதான் அடுத்த பத்து ஆண்டுச் செலவைத் தீர்மானிக்கும். நான் டீசல் பக்கம். அதற்கான காரணம் மைலேஜ் அல்ல, வால்வுகளையும் பிஸ்டன்களையும் தாளம் தப்பாமல் ஓடவைக்கும் டைமிங் பெல்ட்.

வண்டியின் பூர்வீகம் பிரேசில். முதல் தலைமுறை அங்கே 2003-இல் வந்தது. இரண்டாம் தலைமுறையை 2012 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார்கள், 2013 ஜூனில் விற்பனை தொடங்கியது. 2018 முதல் அமெரிக்காவில் விற்ற எக்கோஸ்போர்ட்டும் சென்னையில் செய்து கப்பலேற்றியதுதான். அமெரிக்கக்காரர்கள் பட்ட பாடு நமக்கு ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

இந்தியாவில் வந்த இன்ஜின்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1.5 டிடிசிஐ டீசல் முதலில் 91 பிஎஸ் (குதிரைத்திறன்), 2015 அக்டோபருக்குப் பிறகு 100 பிஎஸ். 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட் டர்போ பெட்ரோல் 125 பிஎஸ், டார்க் (இழுவிசை) 170 என்எம். 2013-இல் வந்து, நடுவில் நின்று, 2018-இல் 'எஸ்' வேரியன்ட்டில் ஆறு கியருடன் திரும்பி, பிஎஸ்6 புகை விதி வந்ததும் போய்விட்டது. சாதாரண பெட்ரோலில் 2017 வரை நான்கு சிலிண்டர் 1.5 டிஐ-விசிடி, 2017 நவம்பரில் வந்த, முகப்பு மாற்றிய வண்டியில் மூன்று சிலிண்டர் டிராகன், 123 பிஎஸ், 150 என்எம்.

ஓட்டிப் பார்த்தால் எக்கோபூஸ்ட்தான் மனதைப் பறிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஏ4 தாளுக்குள் அடங்கிவிடும் அளவு பிளாக். 2012, 2013, 2014 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சர்வதேச அளவில் ஆண்டின் சிறந்த இன்ஜின் விருது வாங்கியது. ஆனால் அதன் டைமிங் பெல்ட் (கேம் டிரைவ் பெல்ட்) ஓடுவது இன்ஜின் ஆயிலுக்குள். மெக்கானிக்குகள் 'வெட் பெல்ட்' என்பார்கள். உராய்வு குறையும், சத்தம் குறையும், மைலேஜ் கொஞ்சம் கூடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆயில் பம்பைச் சுழற்றுவதற்கும் கீழே தனியாக ஒரு சின்ன பெல்ட், அதுவும் ஆயிலுக்குள்தான்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், ரப்பர் ஆயிலைத் தாங்கும், கெட்டுப்போன ஆயிலைத் தாங்காது. தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடுவோம். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும். அந்தக் கலவையில் ஊறும் பெல்ட் மெல்ல உப்பும், ஓரம் பிய்யும், முதுகில் வெடிப்பு விடும். உதிரும் கறுப்புத் துகள்கள் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கி, ஆயில் பம்ப் உறிஞ்சும் இடத்தில் இருக்கும் சல்லடை போன்ற ஸ்ட்ரெய்னரில் போய் அடைத்துக்கொள்ளும். பெல்ட் அறுவதற்கு முன்பே ஆயில் பிரஷர் விழுந்துவிடும். முதல் அடி டர்போவுக்கு, அடுத்தது பேரிங்குகளுக்கு. பலருக்கும் பெல்ட் போனது தெரிவதில்லை, 'டர்போ போச்சு' என்று மட்டும்தான் தெரியும். டர்போவை மட்டும் மாற்றிக்கொண்டு போனால் புது டர்போவும் அதே வழியில் போகும்.

இது வெறும் ஊகமல்ல. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஃபோர்டு சுமார் 1.4 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2018–2022 எக்கோஸ்போர்ட்டும் 2016–2018 ஃபோகஸும், இரண்டிலும் இதே 1.0 எக்கோபூஸ்ட். ஆயில் பம்ப் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் கை முறியலாம், அல்லது பெல்ட் கெட்டுப் பற்கள் உதிரலாம். ஆயில் பிரஷர் போய் இன்ஜின் நிற்கலாம், பிரேக் பூஸ்டர் உதவியும் போகலாம் என்பது காரணம். பிற்காலத்து ஐரோப்பிய 1.0-இல் கேம் டிரைவைச் செயினுக்கு மாற்றிவிட்டார்கள். செய்தவர்களே கைவிட்ட ஏற்பாட்டைப் பத்து வயதான வண்டியில் விலை கொடுத்து வாங்குவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

காகிதத்தில் இந்த பெல்ட்டின் ஆயுள் 10 ஆண்டு அல்லது 2,40,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அது. விற்பவர் '40,000 கி.மீ. தான் ஓடியிருக்கு சார்' என்பார். 2014 வண்டி, 40,000 கி.மீ. என்றால் பத்து ஆண்டு கடந்துவிட்டது. அதுவும் முழுக்க நகரத்துச் சின்ன ஓட்டம். வெட் பெல்ட் வண்டியில் குறைந்த ஓட்டம் என்பது கூடுதல் விலை கொடுக்கக் காரணமல்ல, கூடுதலாகச் சோதிக்கக் காரணம்.

மனம் அதிலேயே நின்றுவிட்டதென்றால் வாங்கும் முன் சம்ப்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயிலை வடித்து, ஸ்ட்ரெய்னரை டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். வலையில் கறுப்பு நூல் மாதிரியோ மிளகுத் தூள் மாதிரியோ ஏதாவது ஒட்டியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சுத்தமாக இருந்தால் ஆயில் பில்களைக் கேளுங்கள். 5டபிள்யூ-20, டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்ற தர எண் இருக்க வேண்டும். 'எல்லா வண்டிக்கும் இதுதான் போடுறோம்' என்று ஊற்றிய ஆயில் இந்த பெல்ட்டுக்கு விஷம்.

மாற்றும் வேலையும் லேசுப்பட்டதல்ல. முன்கவர் சீலன்ட் போட்டு ஒட்டியது, முழுவதும் பிரித்துச் சுரண்டி மறுபடி ஒட்ட வேண்டும். கிராங்க் புல்லியை நகராமல் பிடிக்கும் சாவிக்குழி (கீவே) கிடையாது, போல்ட்டின் இறுக்கத்திலேயே நிற்கிறது. லாக்கிங் பின் (பூட்டு ஊசி) போட்டுப் பூட்டாமல் அந்த போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் அப்போதே போய்விடும். பழைய போல்ட்டைத் திரும்பப் போடவும் கூடாது. இதற்கான டூல் செட் கையில் இருக்கும், முன்பே இந்த வேலை செய்திருக்கும் மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள், பிறகு வண்டியைத் தேடுங்கள்.

டிராகனிலும் பெல்ட் ஆயிலுக்குள்தான். டர்போ இல்லாததால் சூடும் சுமையும் குறைவு, அது ஒரு சாதகம். ஆனால் இதே டிராகன் குடும்பம் பிரேசிலில் ஃபோர்டு கா காரில் ஓடியது, பெல்ட் உதிர்ந்து ஸ்ட்ரெய்னர் அடைக்கும் புகார் அங்கேயும் உண்டு. இந்தியாவில் 2017 கடைசியில் வந்த முதல் டிராகன்களே 2027-இல்தான் பத்து ஆண்டைத் தொடுகின்றன. அதனால் எக்கோபூஸ்ட் அளவுக்கு உறுதியாக இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சரியான ஆயிலை ஆண்டுக்கொரு முறை தவறாமல் மாற்றிய பில் இருந்தால், பெட்ரோல் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்பவர்களுக்கு டிராகனோடு வரும் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் நல்ல கியர்பாக்ஸ். பெல்ட் மாற்றும் செலவை மட்டும் பேரம் பேசும்போதே கழித்துவிடுங்கள்.

இனி டீசல். இதிலும் பெல்ட்தான், ஆனால் உலர்ந்த பெல்ட். பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் வெளியே ஓடுகிறது. மேல் மூடியைக் கழற்றினாலே பெல்ட்டின் முதுகைக் கண்ணால் பார்க்கலாம், விரலால் தடவலாம். வெடிப்பா, ஓரத்தில் நூல் பிரிகிறதா, ஆயில் கசிந்து நனைந்திருக்கிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். உதிர்ந்தாலும் ஆயிலுக்குள் போகாது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நான் டீசல் பக்கம் சாய்கிறேன்.

அதற்காக அலட்சியமும் கூடாது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், ஹெட் வேலைதான். பராமரிப்புப் புத்தகத்தில் உள்ள கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் ஒரு லட்சம் கி.மீ. அல்லது எட்டு ஆண்டு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. பில் இல்லாமல் 'மாத்தியாச்சு' என்று வாயால் சொன்னால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை இப்படிப் போகும். வலது முன்சக்கரம், உள் லைனர் கழற்றி, இன்ஜினுக்கு அடியில் ஜாக் கொடுத்து அந்தப் பக்க மவுன்டிங்கைப் பிரிக்க வேண்டும். கிராங்க், கேம், ஹை பிரஷர் பம்ப் புல்லி மூன்றுக்கும் பின் போட்டுப் பூட்டிய பிறகுதான் பழைய பெல்ட் வெளியே வர வேண்டும். பெல்ட்டை மட்டும் வாங்காதீர்கள், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து கிட்டாக வாங்குங்கள். வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. ஆறு மாதம் கழித்து அது கசிந்தால் மொத்தக் கூலியும் மறுபடி. புதிது மாட்டியதும் பின்களை எடுத்துவிட்டு, கிராங்க்கை ஸ்பானரால் ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று கையாலேயே சுற்ற வேண்டும். பிறகு பின்கள் தள்ளாமல் தானாக உள்ளே போனால் டைமிங் சரி. செல்ஃப் அடித்துப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான். பக்கத்தில் நின்று பாருங்கள், இந்த இரண்டு சுற்றை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

டீசலின் மற்றக் குறைகளையும் மறைக்கக் கூடாது. இந்தக் குடும்பத்து டீசல்களில் இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசியும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மேல் கவரை எடுத்துவிட்டுக் காது கொடுங்கள். சுக்... சுக்... என்று காற்று தப்பும் சத்தமும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கெட்டியான கரியும் இருந்தால் அதுதான். கேபினுக்குள் புகை வாடையும் வரும். ஆரம்பத்தில் பிடித்தால் இன்ஜெக்டரை எடுத்து, உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டால் முடிந்தது. விட்டால் கரி இறுகி, இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும். அடுத்தது இன்டர்கூலர் ஹோஸ். விரிசல் விட்டால் பிக்கப் குறையும், கரும்புகை வரும், மிதிக்கும்போது விசில் கேட்கும். கிளட்ச், லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் தேய்மானக் கணக்கு.

பிஎஸ்6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் உண்டு. வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஒரே சீராக ஓடவில்லை என்றால் புகைக்கரி அடைந்து எச்சரிக்கை விளக்கு வரும். நகரத்துக்குள்ளேயே சுற்றுபவர்கள் பிஎஸ்6 டீசலை விட்டுவிடலாம். 2015 அக்டோபருக்குப் பின், 2020 மார்ச்சுக்கு முன் வந்த 100 பிஎஸ் மேனுவல் டீசல்தான் என் பார்வையில் தேட வேண்டியது. நிறுவனம் சொன்ன மைலேஜ் 23. நெடுஞ்சாலையில் 18-இலிருந்து 20 வரை எதிர்பார்ப்பதே நியாயம்.

டெல்லியிலிருந்து மலிவாக வரும் டீசல்களைப் பார்ப்பீர்கள். என்ஓசி, மறுபதிவு, இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி எல்லாம் கூட்டிப் பார்த்தால் மலிவு கரைந்துவிடும். சென்னை வண்டி என்றால் 2015, 2023 வெள்ளங்களை மறக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கோடு இருந்தால் அங்கே தெரியும். சீட் தண்டவாளத் துருவும் அதையே சொல்லும்.

நான்கு சிலிண்டர் 1.5 பெட்ரோல் மேனுவல், ஓட்டம் குறைவானவர்களுக்கு அமைதியான தேர்வு. அதன் பெல்ட்டும் உலர்ந்ததுதான். ஓட்டுவதில் சுவை குறைவு, ஆனால் பயம் இல்லை. அதே இன்ஜினோடு 2017 வரை வந்த பவர்ஷிஃப்ட் ஆட்டோமேட்டிக் வேறு கதை. இரட்டை உலர் கிளட்ச், நெரிசலில் நகரும்போது அதிர்வு, கட்டுப்பாட்டு மாட்யூல் பழுது என்று உலகமெங்கும் புகார். பவர்ஷிஃப்ட் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு அந்நாட்டு நீதிமன்றம் 2018-இல் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. டெஸ்ட் டிரைவில் முதல் கியரில் பிரேக்கை விட்டு ஊர்ந்து பாருங்கள். உடம்பு குலுங்கினால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.