சுற்றுப்பாதை நிலையமா, நிலாத் தளமா, செவ்வாய்க் குடியிருப்பா: சிறுவர் விண்வெளி முகாமுக்கு எந்தக் கற்பனை உலகம் பொருந்தும்?

30 செ.மீ. குறுக்களவுள்ள பந்தைப் பூமி என்று வைத்துக்கொண்டால், சர்வதேச விண்வெளி நிலையம் அதன் மேற்பரப்பிலிருந்து 1 செ.மீ.கூட உயராமல் சுற்றும். நிலா 8 செ.மீ. பந்தாக 9 மீட்டர் தள்ளி நிற்கும். செவ்வாய் மிக அருகில் வரும் நாளில்கூட 1.3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருக்கும். முகாமின் முதல் மணி நேரத்திலேயே பந்தும் அளவுநாடாவும் கொடுத்து இதை அளக்க விடுங்கள். நிலாவை ஒரு முழத்தில் கொண்டுபோய் வைக்கும் பிள்ளைகள்தான் அதிகம். பாடப்புத்தகப் படங்களில் தாளுக்குள் அடங்க வேண்டும் என்று தூரத்தைச் சுருக்கியிருப்பார்கள். அதைப் பார்த்து வந்த பழக்கம் இது.

எல்லாக் குழுக்களும் ஒரே கற்பனை உலகத்தில் வாழ்ந்து, ஒரு குழு செய்தது மற்றக் குழுவைப் பாதிக்கும்படி முகாம் நடத்துவதாக இருந்தால், எந்த உலகம் என்பதை இந்தத் தூரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நேரம், உதவி வர எத்தனை நாள் என்ற இரண்டிலும் மூன்று உலகங்களும் முற்றிலும் வேறுபடுகின்றன. வேற்று விண்மீனுக்குப் போகும் கப்பல் என்ற நான்காவது வழியையும் சிலர் விரும்புவார்கள். அங்கே பிள்ளைகள் சொல்வது சரியா தவறா என்று சரிபார்க்க எந்த அளவும் கையில் இல்லை. எனவே அதை விட்டுவிடலாம்.

ஒருநாள் முகாமுக்கும் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கும் சுற்றுப்பாதை நிலையம் நல்லது. அது பூமியை ஏறத்தாழ 90 நிமிடத்தில் சுற்றுகிறது. அதில் 35 நிமிடம் போலப் பூமியின் நிழலில் போகும். ஒன்றரை மணி நேர அமர்வில் ஒரு முழுச் சுற்றைச் சுருக்காமல் நடத்திவிடலாம். விளக்கை அணைத்தால் இரவு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அதைத் தண்ணீரைப் பிரித்து எடுக்க ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் செலவாகும். ஆறு பேருக்கு ஆறு பாட்டில்களை வரிசையாக வைத்துக் காட்டினால் வேறு விளக்கம் தேவைப்படாது.

இங்கே பெரிய சிக்கல் எடையின்மை. 'மேலே ஈர்ப்பே இல்லை' என்று பிள்ளைகள் நம்பி வருவார்கள். 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. நிலையம் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால்தான் உள்ளே மிதக்கிறார்கள். பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் 3 மி.மீ. துளையிட்டு, தண்ணீர் நிரப்பி, 2 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விடுங்கள். விழும்போது துளையிலிருந்து நீர் ஒழுகுவது நின்றுவிடும். மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். மூடியிருந்தால் கையில் பிடித்திருக்கும்போதே ஒழுக்கு நின்றுபோய், சோதனை எதையும் காட்டாது. விழும் நேரம் 0.6 விநாடிதான் என்பதால் செல்பேசியில் ஸ்லோமோஷனில் படமெடுத்துப் பார்ப்பது அவசியம்.

நிலையத்தின் கதை சீக்கிரம் தீர்ந்துவிடும். காற்றுக் கசிவு, மின்தடை, மறுபடி காற்றுக் கசிவு. ஆபத்தென்றால் சில மணி நேரத்தில் பூமிக்கு இறங்கிவிடலாம் என்பதால் இரண்டாம் நாளில் பிள்ளைகளுக்கு எதிலும் கவலை இருக்காது.

மூன்று நாள் முகாமுக்கு, 10 முதல் 12 வயதுக்கு, தயங்காமல் நிலாவைத்தான் பரிந்துரைப்போம். ரேடியோ அலை போக 1.3 விநாடி, திரும்ப 1.3 விநாடி. பேச முடியும், ஆனால் இடறும். இதை அனுபவிக்க ஒரு பயிற்சி. 4 மீட்டர் சதுரத்தில் ஐந்து நாற்காலிகளை இடையூறாக வையுங்கள். கண்ணைக் கட்டிய ஒரு பிள்ளை ஊர்தி. கட்டளை கேட்டதும் மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் அது நகர வேண்டும். கட்டளையிடும் பிள்ளை பொறுமையிழந்து 'நட' என்பதை இரண்டு முறை சொல்லும், ஊர்தி நாற்காலியில் போய் முட்டும். பக்கத்தில் ஒருவர் காவலாக நிற்கட்டும். நாலைந்து மோதலுக்குப் பிறகு 'இரண்டு அடி நட, நில், பார்' என்ற முறையைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். 1970-இல் நிலாவில் இறங்கிய லூனகோத் 1 ஊர்தியைப் பூமியிலிருந்து ஓட்டிய ஐவர் குழு இதே தாமதத்தோடுதான் மல்லுக்கட்டியது. இந்தச் செய்தியைப் பயிற்சிக்குப் பிறகு சொல்லுங்கள், முன்பே சொல்லிவிடாதீர்கள்.

நிலாவின் மற்றொரு வலிமை அதன் இரவு. பகல் ஏறத்தாழ 14 பூமி நாள், இரவும் அவ்வளவே. தளத்தின் மின்கலத்துக்கு 30 பாசிமணிகளை ஒரு கிண்ணத்தில் போடுங்கள். இரவு 14 சுற்று. காற்று, வெப்பம், வானொலி என ஒரு சுற்றுக்கு மூன்று பாசிமணி வேண்டும் என்றால் மொத்தம் 42. கணக்கு இடிக்கும். எதை அணைப்பது என்று அவர்களே வாதாடட்டும். சுற்றுக்கு இரண்டாகக் குறைத்தால் 28 செலவாகி இரண்டு மிஞ்சும். அந்த இரண்டை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் பொது உலகம் உயிர் பெறுகிறது. பக்கத்துத் தளமும் கேட்கும். 2023 ஆகஸ்ட் 23-இல் இறங்கிய சந்திரயான் 3-இன் விக்ரமும் பிரக்யானும் இரவு வந்ததும் உறங்க வைக்கப்பட்டு, அடுத்த பகலில் விழிக்கவில்லை. இந்த விளையாட்டை ஆடிய பிள்ளைக்கு அது ஏன் என்று தெரியும்.

விண்கல் மோதி நிலாவில் பள்ளம் உண்டாவதைக் காட்டும் பயிற்சிக்குத் தட்டில் 5 செ.மீ. ஆழம் மாவு கொட்டி, மேலே கோகோ தூளை மெல்லிதாகச் சலித்துவிட்டு, கோலிக்குண்டுகளை அரை மீட்டர், 1 மீட்டர், 2 மீட்டரிலிருந்து போட வேண்டும். மாவை அமுக்கிவிட்டாலோ ஆழம் குறைந்தாலோ குண்டு தட்டின் அடியில் இடித்து, எல்லாப் பள்ளமும் ஒரே அளவில் வரும்.

ஐந்து நாளும் 13 வயதுக்கு மேற்பட்டவர்களும் இருந்தால் செவ்வாய். செய்தி போக 3 முதல் 22 நிமிடம். பத்து நிமிடம் என்று வைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் நான்கு கேள்வி-பதில்தான் நடக்கும். செய்தியை உறையிலிட்டு நேரம் குறித்து, ஒருவர் கடிகாரம் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். பிள்ளைகள் சலிக்கிறார்கள் என்று இதை இரண்டு நிமிடமாக்கிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் செவ்வாயைத் தேர்ந்ததே வீண். காத்திருக்கும் நேரத்துக்கு வேறு வேலை கொடுங்கள். 'இப்படி ஆனால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்' என்று ஒரே உறையில் எழுதப் பழக்குங்கள்.

முட்டையைப் பாராசூட்டில் இறக்கும் பயிற்சி இங்கே தவறான பாடம் கற்பிக்கும். நம் காற்று அடர்த்தியானது, பிளாஸ்டிக் பை போதும். செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதமும் இல்லை. 2021-இல் அங்கே இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் 21.5 மீட்டர் பாராசூட்டும் மணிக்கு 320 கி.மீ. வரைதான் வேகத்தைக் குறைத்தது. மிச்சத்தை ராக்கெட்டுகள் பார்த்துக்கொண்டன. எனவே பாராசூட்டை 20 செ.மீ.க்கு மேல் அனுமதிக்காமல் மெத்தை அமைப்பைக் கட்டாயமாக்குங்கள். அதேபோல் மண்ணில் கிழங்கு நடும் திட்டமும் வரும். பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு அங்கிருப்பதை 2008-இல் பீனிக்ஸ் கலம் கண்டது. மண்ணைக் கழுவத் தண்ணீர் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள்.

மூன்றில் எதை எடுத்தாலும் எல்லாக் குழுவுக்கும் ஒரே குறிப்பேடு இருக்க வேண்டும், அதில் எழுத ஒரே ஆள். எழுதியது உண்மை, எழுதாதது நடக்கவில்லை. தீராத ஆற்றல் தரும் இயந்திரத்தை முதல் நாள் மாலைக்குள் ஒரு பிள்ளை நிச்சயம் கண்டுபிடிக்கும். மறுக்க வேண்டாம், எத்தனை கிலோ, எத்தனை வாட், செய்ய எத்தனை நாள் என்று மூன்று கட்டங்களை நிரப்பச் சொல்லுங்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அலகுகளை எழுதி ஒட்டுங்கள். ஒரு குழு அடியிலும் இன்னொரு குழு மீட்டரிலும் எழுதினால் சுரங்கப்பாதைகள் சந்திக்கவே சந்திக்காது. 1999-இல் செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்ததும் அலகுக் குழப்பத்தால்தான்.