அலுவலகக் காலண்டர், வீட்டுக் காலண்டர்: அவுட்லுக்கில் எந்த வழி நல்லது?

தென்னாப்பிரிக்காவில் வருடத்துக்கு 12 அரசு விடுமுறைகள். அதில் தீபாவளியும் இல்லை, தைப்பூசமும் இல்லை. டர்பனில் வேலைக்குப் போகிற நம் ஆட்கள் காவடி நாள், புரட்டாசி சனிக்கிழமை, கோயில் கூட்டம் எல்லாவற்றையும் வீட்டு கம்ப்யூட்டரில் குறித்துவைக்கிறார்கள். லீவு கேட்க வேண்டியதோ அலுவலகத்தில். இரண்டு காலண்டரும் ஒரே இடத்தில் தெரியாவிட்டால் காவடி அன்றைக்கே யாராவது மீட்டிங் போட்டுவிடுவார்கள்.

பலரும் முதலில் தேடிப் போவது பிஎஸ்டி ஃபைல்; மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல், காலண்டர் நிரலான அவுட்லுக் தன் தகவல்களைச் சேர்த்துவைக்கும் ஃபைல் அது. கிளாசிக் அவுட்லுக்கின் (கம்ப்யூட்டரில் நிறுவும் பழைய வடிவம்) ஃபைல் மெனுவில் இம்போர்ட்/எக்ஸ்போர்ட் போய், காலண்டரை மட்டும் தேர்ந்தெடுத்து பென் டிரைவில் ஏற்றி, மற்ற கம்ப்யூட்டரில் இம்போர்ட் செய்துகொள்ளலாம். வாராவாரம் வரும் தமிழ் வகுப்பு, நினைவூட்டல், அட்டாச்மென்ட் எதுவும் சிதறாமல் வந்து சேரும். கம்ப்யூட்டர் மாற்றும்போது இதைத்தான் செய்ய வேண்டும். தினசரிக்கு மட்டும் வேண்டாம். இம்போர்ட் என்பது சேர்க்கும் வேலை, எதையும் நீக்காது. அலுவலகத்தில் ரத்தான கூட்டம் வீட்டில் அப்படியே நிற்கும். டூப்ளிகேட் பற்றிக் கேட்கும் இடத்தில் கவனிக்காமல் அனுமதித்துவிட்டால் ஒரே பூஜை இரண்டு முறை தெரியும்.

காலண்டரை வெறும் அட்டவணையாக, காற்புள்ளி போட்டுப் பிரித்துச் சேமிக்கும் சிஎஸ்வி ஃபைல் வேண்டவே வேண்டாம். தொடர் நிகழ்ச்சி ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக உடையும். தமிழில் எழுதிய பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

வீட்டில் அவுட்லுக் இல்லாமல் தண்டர்பேர்ட் என்ற இலவச மின்னஞ்சல் நிரலோ கூகுள் காலண்டரோ வைத்திருப்பவர்களுக்கு ஐசிஎஸ் என்ற காலண்டர் ஃபைல். 1998-இல் வந்த பொதுத் தரம் என்பதால் எல்லா நிரலும் இதைப் படிக்கும். எந்தத் தேதியிலிருந்து எதுவரை, முழு விவரமா, 'பிஸி' என்று மட்டுமா என்பதையும் நாமே முடிவு செய்யலாம். சேமித்த நொடியின் படம்தான் அது, பிறகு தானாக மாறாது.

இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே அலுவலகக் கணக்கைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரு பக்கம் திருத்தினால் மறுபக்கம் தானாக மாறும். நிறுவனம் அனுமதித்தால் வசதியில் இதை மிஞ்ச வேறு வழி கிடையாது. ஆனால் வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் எல்லாம் குழந்தைகள் புழங்கும் லேப்டாப்பில் வந்து உட்காரும். போப்பியா என்கிற தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. ஐடி பிரிவைக் கேட்காமல் செய்யாதீர்கள். பிரவுசரில் அவுட்லுக்கைத் திறந்து பார்ப்பதே பலருக்குப் போதும்.

என் ஓட்டு எதிர்த் திசைக்கு. அலுவலகத்தை வீட்டுக்குக் கொண்டுவராமல், வீட்டை அலுவலகத்துக்குக் காட்டுங்கள். சொந்த அவுட்லுக்.காம் கணக்கில் பண்டிகைகளுக்கென்று தனிக் காலண்டர் தொடங்கி, அதைப் பப்ளிஷ் செய்தால், அதாவது இணையத்தில் பார்க்கும்படி வெளியிட்டால், ஐசிஎஸ் இணைப்பு ஒன்று கிடைக்கும். அலுவலக அவுட்லுக்கில் அதைச் சேர்த்துக்கொண்டால் காவடி நாள் வேலைக் கூட்டங்களுக்குப் பக்கத்திலேயே தெரியும். புதிதாகச் சேர்த்தது அங்கே தெரியச் சில மணி நேரம் பிடிக்கலாம்; பண்டிகைத் தேதிக்கு அது பெரிய குறை இல்லை. இணைப்பு கிடைத்த எவரும் பார்க்க முடியும் என்பதால் டாக்டர் அப்பாயின்ட்மென்டை அதில் போடாதீர்கள்.

எந்த வழியானாலும் சரி, இரண்டு கம்ப்யூட்டரிலும் நேர மண்டலம் 'ஹராரே, பிரிட்டோரியா' என்று இருக்கிறதா பாருங்கள். சென்னைக்குப் போய்வந்த லேப்டாப் இந்திய நேரத்திலேயே நின்றிருந்தால், அது மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். முழுநாள் நிகழ்ச்சியாகப் போட்ட தைப்பூசம் இரண்டு நாளுக்கு நீண்டு நிற்கும்.