சொந்த வேனிலேயே சிங்க சஃபாரி என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் விடுமுறைக்குப் பிள்ளைகளை வெளியூர் அழைத்துப்போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். எங்கள் பகுதியில் ஒரு டிராவல்ஸ்காரர், பெங்களூரை அடுத்த பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவுக்குள் "நீங்கள் ஏறி வந்த வேனிலேயே சஃபாரி" என்று சொல்லி, வேன் வாடகைக்கு மேல் தலைக்கு 1,500 ரூபாய் தனியாக வாங்குகிறார். அப்படி ஓர் அனுமதி கிடையவே கிடையாது. தனியார் வண்டிகள் வாகன நிறுத்தத்தோடு சரி. சிங்கமும் புலியும் இருக்கும் பகுதிக்குள் பூங்காவின் சஃபாரி வண்டிகள் மட்டுமே போகும்.

பெரியவர்களுடைய வயது நிறைவுச் சாந்தி விழாவுக்காக என் நாத்தனார் குடும்பம் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்திருந்தது. அவர்கள் முன்பு இந்தோனேசியாவில் போகோர் பக்கத்துச் சஃபாரிப் பூங்காவுக்குக் காரிலேயே போய்வந்தவர்கள். அங்கே அப்படிப் போகலாம். இங்கிலாந்தில் லாங்லீட் என்ற இடத்தில் 1966 முதலே சிங்கங்களுக்கு நடுவே மக்கள் தங்கள் காரை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தது டிராவல்ஸ்காரர் காதில் விழுந்தது. "அதே மாதிரிதான் ஆச்சி, நமக்கு உள்ளே ஆள் இருக்கிறது, சிறப்பு அனுமதி வாங்கித் தருகிறேன்" என்று உடனே பிடித்துக்கொண்டார்.

அவர் கொடுத்த வண்ண விளம்பரத்தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஒரு கார், திறந்த ஜன்னல், வெளியே நீட்டிய ஒரு குழந்தையின் கை, அந்தக் கையை முகர்ந்து பார்க்கும் சிங்கம். அந்தக் காரின் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கிறது. எந்த நாட்டுக் காரோ, எந்த நாட்டுச் சிங்கமோ! கீழே தமிழில் "குடும்பத்தோடு ஒரு காட்டுப் பயணம்" என்று போட்டு நம் ஊர்த் தொலைபேசி எண்.

இதோடு விட்டாரா? ஒட்டகச்சிவிங்கிக்குக் கையால் ஊட்டுவதற்கென்று "தீனிப் பை" ஒன்றும் விற்றார். பை 100 ரூபாய். உள்ளே காரட்டும் வதங்கிய கீரைக்கட்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயிரியல் பூங்கா விலங்குகளுக்குப் பார்வையாளர்கள் தீனி கொடுப்பதே தடை செய்யப்பட்ட காரியம். காசு வாங்கிக்கொண்டு நம்மைக் குற்றம் செய்ய அனுப்புகிறார்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருச்சி, சேலம், ஓசூர் வழியாக இரவு முழுவதும் ஓட்டம். அத்திப்பள்ளி எல்லையில் கர்நாடகப் பெர்மிட்டுக்கு ஓட்டுநர் தனியாகப் பணம் கேட்டார். எல்லாம் அடக்கம் என்று பேசியிருந்தோமே என்றதற்கு, "எனக்கு டீசல் காசு மட்டும்தான் கொடுத்தார்கள் அம்மா" என்றார். கொடுத்தோம்.

பூங்கா வாசலில்தான் குட்டு வெளிப்பட்டது. ஆளுக்கொன்றாக எங்களுக்குக் கொடுத்திருந்த "அனுமதிச் சீட்டு"களைக் காவலர் வாங்கிப் பார்த்தார். கருவியை வைத்து ஒன்றைத் தட்டினார், எடுக்கவில்லை. இன்னொன்றைத் தட்டினார், எடுக்கவில்லை. பிறகு இரண்டு சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். கோட்டுக் குறியீடு (பார்கோடு) இரண்டிலும் ஒன்றேதான், அடியில் இருந்த எண்கூட மாறவில்லை. பூங்காவின் பெயரையே தாளின் மேலே ஒருவிதமாகவும் கீழே வேறுவிதமாகவும் அச்சடித்திருந்தார்கள். அந்தக் காவலர் நல்ல மனிதர். எங்களைக் குற்றவாளியைப் போல நடத்தாமல், தெரிந்த தமிழில் பொறுமையாக விளக்கினார். 2025-இல் இதே பூங்காவில் சஃபாரி ஜீப்பில் போன ஒரு சிறுவனைச் சிறுத்தை நகத்தால் கீறியது செய்தித்தாள்களில் வந்ததே, பூங்கா வண்டியிலேயே அப்படியென்றால் உங்கள் வேனை எப்படி விடுவோம் என்று கேட்டார். அதற்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

டிராவல்ஸ்காரரை அழைத்தால், "உள்ளே போய் நம் ஆளைப் பாருங்கள்" என்றார். எந்த ஆள், பெயர் என்ன என்று கேட்டதும் தொடர்பு அறுந்தது. அதன்பிறகு சாயங்காலம் வரை அவர் போன் அணைந்தே கிடந்தது.

எல்லோருக்கும் மறுபடியும் டிக்கெட் வாங்கினோம். அதற்குள் ஏசி பஸ் நிறைந்துவிட்டது. மூட்டுவலிக்காரரான என் மாமியார் வெயிலில் ஒரு திட்டில் உட்கார்ந்து, "இதற்கு வேட்டங்குடிக்குப் போயிருந்தால் கொக்கையாவது நிம்மதியாகப் பார்த்திருக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சஃபாரியில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு கரடி பஸ்ஸுக்கு மிக அருகில் வந்து, முன்னங்காலை மடக்கி உட்கார்ந்து வயிற்றைச் சொறிந்துகொண்டது. பிள்ளைகள் இன்னும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். தீனிப் பையைக் காவலர் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார். திரும்பும்போது ஓட்டுநர் அந்தக் காரட்டைக் கடித்துக்கொண்டே ஓசூர் வரை ஓட்டினார்.

ஊர் வந்து பணத்தைக் கேட்டபோது டிராவல்ஸ்காரர் சொன்ன பதில்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை: "சஃபாரி பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள் ஆச்சி, பிறகென்ன?" பெர்மிட்டுப் பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார். தலைக்கு 1,500 வாங்கியதில் ஒரு காசு வரவில்லை. அந்தத் தொகையை நிறுவனத்தின் கணக்குக்கு வாங்காமல், வேறொருவர் பெயரிலுள்ள எண்ணுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். அது யாரோ ஒரு பையன், இப்போது வேலையில் இல்லையாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். பன்னேர்கட்டாவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அந்த நாளுக்கு யாராவது சஃபாரி என்று சீட்டுக் கொடுத்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடலாம். டிக்கெட்டைப் பூங்காவின் சொந்த இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம், வாசல் கவுன்டரிலும் வாங்கலாம். விலங்குக் காட்சிசாலையை மட்டும் பார்க்க ஒரு டிக்கெட், சஃபாரியும் சேர்த்து ஒரு டிக்கெட் என்று வகைகள் உண்டு, பார்த்து எடுங்கள். டிராவல்ஸ்காரரிடம் வேனை மட்டும் பேசுங்கள். டோல், பெர்மிட், ஓட்டுநர் படி யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதியுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதாவது நமக்குச் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். நான் விளம்பரத்தாள், போலிச் சீட்டுகள், பணம் அனுப்பியதற்கான சான்று, வாசலில் மறுபடி வாங்கிய டிக்கெட்டுகள் எல்லாவற்றையும் இணைத்து மனு தயார் செய்திருக்கிறேன்.

கோட்டையூரில் இன்னொரு குடும்பத்துக்கும் இதே சீட்டுதான் கொடுத்திருக்கிறார், அதே கோட்டுக் குறியீட்டோடு. அவர்கள் புறப்படுவதற்கு முன்பே விஷயம் தெரிந்து நின்றுவிட்டார்கள். முன்பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது. உங்களிடமும் அந்தச் சீட்டு இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தெரிவியுங்கள், மனுவோடு சேர்த்துக்கொள்கிறேன்.