இடுப்பு மூட்டு உள்வைப்பு: ஹைட்ராக்சிஅபடைட் பூச்சா, டைட்டானியப் பூச்சா?

சிங்கப்பூரில் பெற்றோரின் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்காக விவரம் தேடும் பிள்ளைகள், எலும்புச் சிமெண்ட் இல்லாமல் தொடை எலும்புக்குள் பொருத்தப்படும் உலோகத் தண்டின் பூச்சு எது என்பதில் தடுமாறுவதுண்டு. ஹைட்ராக்சிஅபடைட், டைட்டானியம் இரண்டும் பொதுவாக, 10,000 பாகை செல்சியசையும் தாண்டக்கூடிய பிளாஸ்மாச் சுடரில் (மின்னேற்றம் பெற்ற வாயுவின் சுடர்) துகள்களை உருக்கி உலோகத்தின்மேல் தெளிக்கப்படுபவை.

பிணைப்பு: ஹைட்ராக்சிஅபடைட் எலும்பின் கனிமத்தை ஒத்த கால்சியம் பாஸ்பேட் என்பதால், எலும்பு அதன்மேல் நேரடியாக வளர்ந்து விரைவில் பற்றிக்கொள்கிறது.
டைட்டானியத்தின் சொரசொரப்பான பரப்பில் எலும்பு சற்று மெதுவாகவே பிடிக்கிறது.

உறுதி: ஹைட்ராக்சிஅபடைட் நொறுங்கும் இயல்புடைய பீங்கான் வகை, சுடரின் வெப்பத்தில் படிகத்தன்மையை இழக்கும் பகுதி உடலுக்குள் விரைவாகக் கரைந்துவிடுகிறது. தடித்த பூச்சே வலிமையானது என்று நாம் எண்ணுவோம். இங்கோ தடிமன் கூடக்கூட உரியும் அபாயமும் கூடுகிறது.
டைட்டானியம் கரைவதில்லை.

செலவு: பூச்சைவிட வார்டு வகுப்பே கட்டணத்தைப் பெரிதும் மாற்றும், மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு), மெடிஷீல்டு லைஃப் (மருத்துவக் காப்பீடு) வரம்புகளை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

தொடக்கத்திலேயே விரைவான பிடிப்பு தேவைப்படுவோருக்கு ஹைட்ராக்சிஅபடைட் பொருந்தும். கரையாத பரப்பை விரும்புவோருக்கு டைட்டானியம் பொருந்தும். டைட்டானியத்தின்மேல் மெல்லிய ஹைட்ராக்சிஅபடைட் தெளித்த தண்டுகளும் உள்ளன. என் சாய்வு அவற்றின் பக்கமே. எலும்பு மிகவும் மெலிந்த முதியவர்களுக்கு, இவ்விரண்டையும் விடுத்து, சிமெண்ட் வைத்துப் பொருத்துவதையே மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும்.